போர்வை அசைகிறது

அசைகிறது. இதோ மறுபடியும். நெஞ்சுக்கு நேரே வைத்த சாமந்திப் பூ ஒரு நூலளவு எழுந்து இறங்குகிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், முகுந்தன் மூச்சு விடுகிறான், விடாமல் என்ன, இருபத்தாறு வயதுப் பையன், தினமும் ஜிம்முக்குப் போகிறவன். மணி எட்டு இருபது. ஒன்பதுக்குப் பாட்டை நிறுத்திவிடுவார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் போட்ட கண்டிஷன் அது, ஒன்பதுக்கு மேல் ஒரு சத்தம் கேட்டாலும் அடுத்த வருஷம் இடம் கிடையாது என்று சொல்லியிருக்கிறாராம். இன்னும் நாற்பது நிமிஷம். அதற்குள் அவனே எழுந்துவிடுவான். எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்ன மாமா, ஆடுனீங்களா என்று கேட்பான். ஆடினேன்டா என்று சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். நான் உட்கார்ந்திருக்கும் பேரிக்காய் மரத்தடியிலிருந்து அவன் படுத்திருக்கும் பாய் வரை எட்டுக் காலடி. எக்ஸ்ரே மேஜைக்கும் என் ஈயக் கண்ணாடித் தடுப்புக்கும் இதே தூரம்தான். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு பத்தொன்பது வருஷமாக ஒரே நாலு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடலாம். ஒருதரம் நடுவில் போன் வந்து விடலாம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு லாரி டிரைவர், நல்ல மனுஷன், முகமெல்லாம் ரத்தம் ஏறி, கண் பிதுங்கி, நான் சொல்வேன் என்று பிடித்துக்கொண்டே நின்றார். சென்டர் முழுக்க ஒரு வாரம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இன்னொருவர் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இதை இப்போது எதற்கு நினைக்கிறேன். பூ அசைகிறது. போர்வையை நான்தான் மூக்குவரை இழுத்துவிட்டேன், கம்பளிக் குல்லாவைப் புருவத்துக்குக் கீழே இறக்கியதும் நான்தான், வெயில் வந்தால் கண்ணில் அடிக்குமே என்று. இப்போது மூக்கு நுனி மட்டும் தெரிகிறது. மூக்கு நுனியைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது. எழுந்து போய் ஒரு விரலை மூக்கருகே வைத்தால் முடிந்தது, எட்டுக் காலடி, ஆனால் தொடக் கூடாது.

தொடக் கூடாது என்பது இங்கே வேதம். நேற்று மத்தியானம் கொடைக்கானலைத் தாண்டி, மேல்மலைக் கிராமம் ஒன்றையும் தாண்டி, ராத்திரியெல்லாம் பாட்டுப் போட்டு ஆடுகிற இந்தத் தோட்டத்துக்குள் காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான், மரத்தடியில் ஒரு பெண்ணை மஞ்சள் துணியால் போர்த்தி நெஞ்சில் பூ வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவரைக் கிடத்திப் போர்த்திப் பூப்போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வாசலில் பேர் எழுதிக்கொண்டிருந்த பெண், ஷெரின் என்று பேர், கழுத்தில் ஒரு விசில் தொங்கும், யாருக்கு என்ன ஆனாலும் பார்த்துக்கொள்வது அவள்தான், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீங்கண்ணா. அவங்க தூங்கல, தனக்குள்ள போயிருக்காங்க. பூ வெச்சிருந்தா யாரும் தொடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவங்களா திரும்பி வருவாங்க" என்றாள். அப்புறம் என் பேரைக் கேட்டாள். சண்முகசுந்தரம் என்றேன். மணிக்கட்டில் ஒட்டுகிற காகிதத்தில் ஷான் என்று எழுதி ஒட்டினாள். நாற்பத்து மூன்று வருஷத்துச் சண்முகசுந்தரத்தை அவள் ஒரு நொடியில் ஷான் ஆக்கிவிட்டாள், முகுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகும்போது தெரியாமல் ஒரு பையன் காலை மிதித்துவிட்டேன், போர்த்திப் படுத்திருந்தவன். அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சின்னக் குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோனால் அழுமே, அப்படி. அரைமணி நேரம் நிற்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, பேசாமல் பார்த்தார்கள். முகுந்தன் என்னை ஓரமாக இழுத்துப் போய், "மாமா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாளைக்கு நான் படுத்தா எழுப்பாதீங்க. அக்கா மாதிரி நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு, சாப்டியா குடிச்சியான்னு கேட்டுக்கிட்டு, அந்த வேலையெல்லாம் இங்க வேண்டாம்" என்றான். சரிப்பா என்றேன். அவன் அக்கா பவானி, என் மனைவி, சொல்லி அனுப்பியதோ வேறு. "என்னங்க, அவன் வேலை போனதுலேர்ந்து ஆளே சரியில்ல. பாட்டுக் கேக்கப் போறேங்கறான், நீங்களும் கூடப் போங்க. ஒரு கண்ணு அவன் மேலயே இருக்கட்டும்." ஒரு கண் அவன் மேலேதான் இருக்கிறது பவானி, இரண்டு கண்ணும் இருக்கிறது, இப்போது எடுக்கவே முடியவில்லை.

இப்போது. இதற்கு முன்னால் எங்கே இருந்தது அந்தக் கண் என்று கேட்பாள். ஆடிக்கொண்டிருந்தேன். ராத்திரி கூடாரத்தில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவன், விடிகிற நேரத்தில் வெளியே வந்தேன், பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது, அதற்கு மேலே இருநூறு தலை அசைந்துகொண்டிருந்தது, கால் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு என்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது, தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, ஒரே அடி, நிற்காத அடி. போட்டுக்கொண்டிருப்பவர் கண்ணாடியும் அரைக்கைச் சட்டையுமாக, ரேஷன் கடையில் பில் போடுகிறவர் மாதிரி குனிந்தே நிற்கிறார், கூட்டத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வார்த்தையில்லாத அடிக்கு ஆடுவது எனக்குப் புதுசா என்ன. எங்கள் தெருவில் சாவுக்கு மேளம் அடிப்பார்கள், ஆம்பிளைகள் பாடைக்கு முன்னால் ஆடுவார்கள். அப்பா போனபோது எல்லாரும் என்னைத் தள்ளினார்கள், ஆடுடா, பெத்த மகன் ஆடலேன்னா எப்படி என்று, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், கால் எழவில்லை. அன்றைக்கு எழாத கால் இன்றைக்கு எழுந்தது. முகுந்தன் எதிரே நின்று என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினான், எட்டு வயதில் எங்கள் கல்யாணக் காரில் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றவன். அன்றிலிருந்து நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு அதில் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். இங்கே ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்கிற மாத்திரை ஒன்றைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து உடைத்து, "பாதி உங்களுக்கு மாமா" என்றான். "எனக்கு வேண்டாம்ப்பா, நீயே வெச்சுக்க" என்றேன். இலையில் விழுந்த இரண்டாவது வடையைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். இரண்டு பாதியையும் போட்டுக்கொண்டான். நீயே வெச்சுக்க. வைத்துக்கொள்ளத்தானே சொன்னேன், போட்டுக்கொள்ளவா சொன்னேன், கீழே எறி என்று சொல்லியிருக்கலாம், எறிந்திருப்பானா, மாட்டான், சரி, நான் சொல்லியாவது இருக்கலாம். ஆறரை இருக்கும், "மாமா, தலையக் கிறுகிறுங்குது, படுத்துக்கறேன்" என்றான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன், கை கொதித்தது. மூச்சு விட்டாலே புகையாக வருகிற குளிரில் இவனுக்கு உடம்பு கதகதப்பாக இருக்கிறதே, நல்லதுதான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போது மாற்றிச் சொல்ல முடியாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தான், பாய் போட்டேன், நானே போய் மஞ்சள் துணி எடுத்துவந்தேன், கழுத்துவரை போதாதென்று மூக்குவரை இழுத்தேன், நானே பூவும் வைத்தேன். பூவை வைக்கும்போது ஒரு பெருமை இருந்தது, இந்த ஊர் வழக்கம் எனக்கும் தெரிந்துவிட்டது என்கிற பெருமை. பிறகு திரும்பிக் கூட்டத்துக்குள் போனேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பவானியை மறந்தேன், ஈயத் தடுப்பை மறந்தேன், இவனையும் மறந்தேன். வெயில் பனியைக் கரைத்து என் கால் எனக்குத் தெரிந்தபோதுதான் நினைவு வந்தது. மணி பார்த்தேன், எட்டு. அவசரமாக வந்து நான் நிற்கவும் ஷெரின் தண்ணீர் பாட்டிலோடு குனிந்து போர்வையை விலக்கப் போகவும் சரியாக இருந்தது. "ஷான் அண்ணா, உங்க ஆள்தானே? எவ்வளவு நேரமா இருக்கார்?" என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரமாக ஆடிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நாக்கு வரவில்லை. "இப்பதாம்மா. பத்து நிமிஷம். உள்ள போயிருக்கான், தொடாதீங்க" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "பரவால்லையே, ஒரே நாள்ல கத்துக்கிட்டீங்களே" என்று சொல்லி, தரையில் வைத்திருந்த இந்த டீயை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

டீ ஆறிப்போய்விட்டது. குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், மேலே ஆடை படிந்திருக்கிறது. ஆடை நடுங்குகிறது. கை நடுங்குகிறது போல என்று டம்ளரைத் தரையில் வைத்தேன், வைத்த பிறகும் நடுங்குகிறது. ஒரு அடிக்கு ஒரு வளையம், நடுவிலிருந்து கிளம்பி ஓரத்துக்குப் போகிறது, அடுத்த அடி, அடுத்த வளையம். டம்ளரைப் பார்த்தேன், பூவைப் பார்த்தேன். வளையம், பூ. வளையம், பூ. ஒன்றாகத்தான் எழுகின்றன. இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நன்றாகப் பார். ஒன்றாகத்தான். ஒரு மனுஷன் நிமிஷத்துக்குப் பதினாறு தடவை மூச்சு விடுவான், ஓடினால் முப்பது, நாற்பது. இந்தப் பூ அதற்கெல்லாம் அடங்காமல் துடித்துக்கொண்டிருக்கிறது, நூற்று நாற்பது இருக்கும், நூற்று நாற்பதில் யாரும் மூச்சு விடுவதில்லை. நூற்று நாற்பது எனக்குத் தெரிந்த எண். எங்கள் சென்டரில் எக்ஸ்ரே ரூமுக்குப் பக்கத்துச் சுவர்தான் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அறை, டாக்டரம்மா வயிற்றுக் குழந்தையின் இதயச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கவிடுவார், சுவர் வழியாக நாள் முழுக்க அந்த அடி வந்துகொண்டே இருக்கும், டுப்பு டுப்பு டுப்பு. நேற்று இந்தப் பாட்டை முதலில் கேட்டதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது இதனால்தான். பவானியும் அந்த ஸ்கேன் மேஜையில் ஒருதரம் படுத்தாள், நான் தடுப்பை விட்டு வந்து அவள் தலைமாட்டில் நின்றேன், நூற்று நாற்பத்திரண்டு என்றார் டாக்டரம்மா, நல்ல பலமா இருக்கு என்றார். அடுத்த மாசம் அதே மேஜை, அதே ஜெல், கருவியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் சத்தம் மட்டும் வந்தது. பவானி என் முகத்தைத்தான் பார்த்தாள், திரையைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்திருக்கும், நான் அந்த வேலையில் இருப்பவன், நான் சொல்வேன் என்று பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதன் பிறகு அவள் வேறு பிள்ளை வேண்டும் என்று கேட்கவில்லை. தாயில்லாத தம்பிதான் அவளுக்கு எல்லாம் என்றாகிவிட்டது, அவனுக்கு டிபன், அவனுக்கு ஃபீஸ், அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவளுக்குத் தூக்கமில்லை. நான் இரண்டு பேருக்கும் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேனா. சீ, இல்லை. சத்தியமாக இல்லை. பயம், வெறும் பயம். போய்த் தொட்டால் ஒன்று தெரிந்துவிடும், தொடாதவரை பூ அசைகிறது.

பாட்டில் ஒரு இடம் வரும். கால் மணிக்கு ஒருதரம் அந்த அடி மட்டும் நின்றுபோகும், மேலே விசில் மாதிரி ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே போகும், ஆடுகிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள், பத்து நொடி, பதினைந்து நொடி, அப்புறம் பூமி பிளக்கிற மாதிரி அடி திரும்ப விழும். அந்தப் பதினைந்து நொடி போதும். அடி நின்றபோது பூ அசைந்தால் அது அவன் மூச்சு. முதல் தடவை எட்டரைக்கு வந்தது. டம்ளரில் வளையம் நின்றது, நான் பூவைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன், நடுவில் ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள், பச்சைப் பாவாடை, பாவாடை விலகுவதற்குள் அடி விழுந்துவிட்டது. நகரும்மா என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று எட்டிப் பார்த்திருக்கலாம். உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது, பாவாடை வந்ததே என்று. இரண்டாவது எட்டு நாற்பத்து நாலுக்கு வந்தது, யாரும் குறுக்கே வரவில்லை, நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றுதான் மூடினேன். மூடிக்கொண்டு, விடலாம் முகுந்தா, விடலாம், இப்ப மூச்சு விடலாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அதற்கும் ஒரு பயம், ஒருவேளை கேட்டு, நேற்று அந்தப் பையன் அழுத மாதிரி எழுந்து அழுவானோ என்று. அழட்டுமே. சாமி, எழுந்து ஊரைக் கூட்டி அழட்டும். என்னைக் கண்டபடி திட்டட்டும், இனி உங்களோடு எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லட்டும், அக்காவிடம் போய் மாமா கெடுத்துவிட்டார் என்று கோள் சொல்லட்டும். எழுந்து போகிறேன். இதோ போகிறேன். கால் மரத்திருக்கிறது, அப்பா பாடைக்கு முன்னால் மரத்த மாதிரி. ஷெரின் தூரத்தில் ஒருவனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அவளைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் பத்து நிமிஷம் என்று சொன்னது என்ன ஆவது. எட்டு மணிக்கே கை வைக்கப் போனாளே, அப்போது விட்டிருந்தால். அப்போது விட்டிருந்தால் என்ன, ஒன்றுமில்லை, தூங்குகிறான். பூவைப் பார். அசைகிறது. எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்து மூன்று. பாட்டு நிற்காமல் இருந்தால் நன்றாயிருக்கும். தோட்டக்காரர் இன்றைக்கு மட்டும் மனசு மாறி, பத்துவரை போட்டுக்கங்கப்பா என்றால் எவ்வளவு நன்றாயிருக்கும். ஜெனரேட்டரில் டீசல் தீராமல் இருக்கட்டும், அந்தக் கண்ணாடிக்காரர் குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருக்கட்டும், மத்தியானம், சாயங்காலம், நாளைக்கு, நான் இங்கேயே இப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், பவானிக்கு அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குமிழைத் திருகினார். அடி மெல்லத் தேய்ந்து நின்றது. டம்ளரில் கடைசி வளையம் ஓரத்தைத் தொட்டுக் காணாமல் போயிற்று. எல்லோரும் கை தட்டுகிறார்கள், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கீழே கிராமத்தில் ஒரு நாய் குரைப்பது இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, ஒரு பஸ் ஹாரன் கேட்கிறது. பூவைப் பார்க்கிறேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பவானி கேட்டால் சொல்ல வேண்டும், பார்த்தேன், மூடாமல் பார்த்தேன் என்று. ஷெரின் விசிலை ஒருதரம் மெல்ல ஊதினாள், எழுப்பலாம் என்று அர்த்தம், அவரவர் பக்கத்தில் இருந்தவர்களைத் தட்டி எழுப்புகிறார்கள், மரத்தடிகளில் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து மஞ்சள் துணியை மடிக்கிறார்கள். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, "எழுப்புங்கண்ணா, இப்பத் தொடலாம்" என்றாள். நான் எழவில்லை என்று பார்த்து அவளே போனாள். குனிந்து பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இறக்கினாள், குல்லாவை மேலே தள்ளினாள், மூக்கருகே காதைக் கொண்டுபோனாள், பிறகு கன்னத்தைத் தட்டினாள், தட்டிய கை அங்கேயே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது. ஜன்னலைத் தேடினேன், மலையில் ஜன்னல் ஏது.

"ஆறரை" என்றேன். "ஆறரைக்கு நான்தான் போத்திவிட்டேன்."